இங்க்ஸ்கேப் மக்கர் பண்ணுகிறதா? முதலில் கீழ் வரியைப் படியுங்கள்

போன மாம்பழ சீசனில் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பாப்பா லேப்டாப்போடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தது. மல்கோவா பெட்டிக்கு லேபிள், படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் செய்தது. வரிசையாக ஆறு மாம்பழம், அதில் ஒன்றை மட்டும் பச்சையாக்க வேண்டும். "அண்ணா, மூணாவது பழத்துக்குக் கலர் போட்டா மாற மாட்டேங்குது. முதல் பழத்துக்குப் போட்டா ஆறும் சேர்ந்து பச்சையாகுது. சாஃப்ட்வேரை ரெண்டு தடவை அழிச்சிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன்."

மூன்றாவது பழத்தைக் கிளிக் செய்யச் சொன்னேன். திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: அது 'குளோன்' என்று. விஷயம் அவ்வளவுதான். கன்ட்ரோல் + டி (D) அழுத்தினால் தனி நகல் வரும். ஆல்ட் + டி அழுத்தினால் குளோன் வரும். குளோன் என்பது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. அதற்குத் தனியாகப் பொட்டு வைக்க முடியாது, ஆள் நெற்றியில் வைத்தால்தான் அங்கேயும் தெரியும். ஷிஃப்ட் + ஆல்ட் + டி அழுத்தி உறவை அறுத்துவிட்டோம். பழம் பச்சையானது. இரண்டு முறை டவுன்லோடு செய்த டேட்டாதான் வீண்.

இங்க்ஸ்கேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது வரைவதை அல்ல, அந்தக் கீழ் வரியைப் படிப்பதை. ஸ்டேட்டஸ் பார் என்பார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது என்ன ஜாதிப் பொருள் என்று அங்கே எழுதியிருக்கும்: செவ்வகமா, பாத்தா (புள்ளிகளை இணைத்துப் போகும் கோடு), அதில் எத்தனை நோடு (அந்தப் புள்ளிகள்), எழுத்தா, குரூப்பா, போட்டோவா, எந்த லேயரில் (அடுக்கில்) இருக்கிறது என்று எல்லாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வட்டங்களில் ஒன்று பாத்தாக இருக்கும், இன்னொன்று வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருக்கும். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கீழ் வரி சொல்லிவிடும்.

இங்க்ஸ்கேப் இலவசம். 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, 1.0 பதிப்பு 2020 மே மாதம் வெளியானது. இங்கே நான் சொல்வதெல்லாம் அந்த 1.0க்குப் பிந்தைய பதிப்புகளுக்கு. அதைவிடப் பழையது வைத்திருந்தால் முதலில் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கலர் சம்பந்தப்பட்ட சில்லறைத் தொல்லைகள்

கோடு போட்டு, அதைச் சிவப்பாக்கலாம் என்று அடியில் இருக்கும் கலர் பட்டையில் சிவப்பைத் தொட்டால், கோடு அப்படியே இருக்கும், கோட்டின் வளைவுக்குள் சிவப்பு நிரம்பும். காரணம், சும்மா கிளிக் செய்தால் அது ஃபில், அதாவது உள் நிறம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் ஸ்ட்ரோக், அதாவது கோட்டின் நிறம். பட்டையின் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறி நிறத்தையே எடுத்துவிடும்.

வரைகிறீர்கள், ஒன்றுமே தெரியவில்லையா? கன்ட்ரோல் + 5 அழுத்துங்கள். நிறமெல்லாம் போய் வெறும் கோட்டுருவமாகத் தெரியும். அதில் உங்கள் படம் இருந்தால் அது வரையப்பட்டுவிட்டது, நிறம்தான் இல்லை அல்லது ஒளிபுகாத் தன்மை (ஒபாசிட்டி) பூஜ்யத்தில் இருக்கிறது. கடைசியாக எந்த நிறத்தைப் பயன்படுத்தினீர்களோ அதையே அடுத்த பொருளுக்கும் போடுவது இங்க்ஸ்கேப்பின் பழக்கம். அப்புறம் மறுபடியும் கன்ட்ரோல் + 5 அழுத்தினால், சில சமயம் இரண்டு மூன்று முறை அழுத்தினால், பழைய தோற்றம் திரும்பும்.

திரையில் தாளே காணோம் என்றால் எண் 5ஐ மட்டும் அழுத்துங்கள், முழுத் தாளும் கண்முன் வரும். 4 அழுத்தினால் வரைந்தது எல்லாம், 3 அழுத்தினால் தேர்ந்தெடுத்தது மட்டும். புதிதாக வரைவதெல்லாம் பழைய குரூப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்றால், எப்போதோ அந்த குரூப்பை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போயிருப்பீர்கள். வெளியே காலியான இடத்தில் இரட்டைக் கிளிக் செய்து வெளியே வந்துவிடுங்கள்.

பாத் ஆனால்தான் வளையும்

செவ்வகம் வரைந்து, ஒரு மூலையை மட்டும் இழுக்கப் பார்ப்பார்கள். நோடு கருவியை எடுத்தால் நான்கு மூலையிலும் நோடு தெரியாது, இரண்டு சின்னச் சதுரமும் ஒரு வட்டமும்தான் தெரியும். சதுரத்தை இழுத்தால் மொத்தச் செவ்வகமும் பெரிதாகும், வட்டத்தை இழுத்தால் மூலை மழுங்கும். கீழ் வரி 'செவ்வகம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செவ்வகமாக இருக்கும்வரை அதற்குச் செவ்வகத்தின் குணம்தான். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்திப் பாத்தாக மாற்றுங்கள். இப்போது நான்கு நோடு, நான்கும் உங்கள் இஷ்டம்.

இரண்டை ஒட்டவைக்கும் யூனியன், ஒன்றை வைத்து இன்னொன்றை வெட்டும் டிஃபரன்ஸ் ஆகியவற்றிலும் இதே கதைதான். மெனுவில் கிளிக் செய்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் கீழ் வரியில் இங்க்ஸ்கேப் காரணத்தைச் சொல்லிவிட்டது: தேர்ந்தெடுத்ததில் ஒன்று பாத் இல்லை என்று. போட்டோவாக இருக்கும் அல்லது குரூப்பாக இருக்கும். குரூப்பை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜி அழுத்திப் பிரியுங்கள். குரூப்புக்குள் குரூப் இருக்கலாம், கீழ் வரியில் குரூப் என்ற சொல் மறையும்வரை அழுத்துங்கள். டிஃபரன்ஸில் மேலே இருப்பதுதான் கத்தி, கீழே இருப்பது காய். தலைகீழாக வெட்டுகிறதென்றால் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்து என்ட் விசையை அழுத்தினால் அடியில் போய்விடும்.

இதில் ஸ்டிக்கர் கட்டிங் வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தெருப் பக்கம் வெள்ளிப் பட்டறைகள் அதிகம். ஒரு கடை ஷட்டருக்கு கொலுசு படம் வரைந்தேன்: 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளைகோடு, அதில் தொங்கும் சலங்கைகள். திரையில் பிரமாதம். பிளாட்டரில், அதாவது ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் விட்டால் கத்தி ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. கொலுசுக்குத் தடிமனே இல்லை! பிளாட்டருக்கு ஸ்ட்ரோக்கின் தடிமன் தெரியாது, பாத் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் மட்டும் கத்தி போகும். நடுக்கோட்டில் ஒரு கீறல், முடிந்தது கதை. கன்ட்ரோல் + ஆல்ட் + சி அழுத்தி ஸ்ட்ரோக்கைப் பாத்தாக்கினால், கோட்டின் இரண்டு கரையும் தனித்தனி வெட்டாக வரும். அதற்குப் பிறகு சலங்கையும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை யூனியன் போட்டு ஒன்றாக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளுக்குள்ளும் வெட்டி, வினைலை, அதாவது ஸ்டிக்கர் தாளை, துண்டு துண்டாக்கிவிடும். மெஷினுக்கு அனுப்பும் முன் கன்ட்ரோல் + 5 போட்டுப் பாருங்கள். அதில் தெரியும் கோடு எதுவோ அதுதான் வெட்டு.

தடிமன் என்றதும் இன்னொன்று. பேனருக்குப் போட்ட டிசைனை விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கினால், சிலருக்கு எழுத்தைச் சுற்றியுள்ள பார்டர் மட்டும் சுருங்காமல் எழுத்தையே விழுங்கிவிடும். தேர்வுக் கருவியை எடுத்தால் மேல்பட்டையின் கடைசியில் நான்கு சின்ன பட்டன்கள் இருக்கும். முதலாவது, அளவை மாற்றும்போது ஸ்ட்ரோக்கும் சேர்ந்து மாற வேண்டுமா என்பது. அதை அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து: பாதிப் பஞ்சாயத்து இங்கேதான்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம். கொலுசுக் கடை ஒன்றுக்கு வாழ்த்து பேனர். நான் இங்க்ஸ்கேப்பில் செய்து, எழுத்தை எழுத்தாகவே விட்டு, ஃபைலை ஒரு பிரிண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பத்தடி பேனர் ரெடி. 'வெள்ளி' என்ற இடத்தில் முதலில் வ நின்றது, கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நின்றது. ஊரே பார்க்கும் இடத்தில் மாட்ட வேண்டிய பேனர். அவர்கள் மேல் தப்பில்லை, என் அவசரம். அவர்களிடம் இருந்தது பழைய மென்பொருள், யூனிகோடு தமிழை, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீட்டில் அடித்த தமிழை, கோக்கத் தெரியாதது.

யூனிகோடில் 'வெ' என்பது வ, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. இங்க்ஸ்கேப் அதைச் சரியாகச் செய்கிறது. செய்யத் தெரியாத இடத்தில் கொம்பு பின்னால் நிற்கும், ஒகரமும் ஓகாரமும் உடையும்.

இன்னொரு பக்கம் பழைய ஃபான்ட்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று நம் ஊர் டிடிபி கடைகளில் இன்றும் ஓடுபவை. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு ஜே, கே, பி (p), ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. வாடிக்கையாளர் பாமினியில் அடித்துத் தந்த வாசகத்தை ஒட்டியதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். உடனே ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பயம் வேண்டாம். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றி, பிறகு ஒட்டுங்கள். மாற்றியதும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், சில எழுத்துகள் இடம் மாறி வரலாம். பெயர், ஊர், முகூர்த்த நேரம் இவற்றில் பிழை வந்தால் பத்திரிகையைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யூனிகோடிலேயே ஆரம்பியுங்கள். தமிழ் 1991இலிருந்தே யூனிகோடில் இருக்கிறது. பழைய ஃபான்ட் மாதிரி அழகு வராது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, பவனம், கவிவனார், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நல்ல யூனிகோடு ஃபான்ட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஃபான்ட் நிறுவியும் பட்டியலில் வரவில்லையா? இங்க்ஸ்கேப்பை மூடித் திறங்கள். அப்படியும் வரவில்லையென்றால், விண்டோஸில் ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து, 'எல்லாப் பயனர்களுக்கும்' என்ற நிறுவலைத் தேர்ந்தெடுங்கள். சில சமயம் எந்த ஃபான்ட் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழ் மட்டும் மாறாது. அந்த ஃபான்ட்டில் தமிழே இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. வேறு கம்ப்யூட்டரில் வேறு ஒன்றைக் காட்டும்.

இவ்வளவு சிக்கலுக்கும் அனுப்பும் நேரத்தில் ஒரே மருந்து, எழுத்தைப் பாத்தாக்குவது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எழுத்தெல்லாம் சரியா என்று வாடிக்கையாளரிடம் காட்டி ஓகே வாங்குங்கள்.
2. ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள். பெயரின் கடைசியில் 'பிரஸ்' என்று போட்டுக்கொள்வது என் பழக்கம்.
3. அந்தப் புதிய ஃபைலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்துங்கள்.
4. ஓர் எழுத்தைக் கிளிக் செய்து கீழ் வரியைப் பாருங்கள். 'டெக்ஸ்ட்' என்ற சொல் எங்கும் வரக் கூடாது.
5. பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள்.

இரண்டாவதைத் தாண்டிப் போகாதீர்கள். பாத்தான எழுத்தை மறுபடி எழுத்தாக்க வழியில்லை. மாப்பிள்ளை வீட்டில் கடைசி நேரத்தில் 'சித்தப்பா பேரு விட்டுப்போச்சுங்க' என்று போன் வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த லோகோ

'பழைய லோகோ இருக்குங்க, அனுப்பறேன்' என்பார்கள். வருவது மங்கலான ஒரு போட்டோ. அதை டிரேஸ் செய்ய, அதாவது போட்டோவைப் பாத்தாக மாற்ற, ஷிஃப்ட் + ஆல்ட் + பி (B). முதல் குழப்பம்: ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நடந்திருக்கும். டிரேஸான பாத் அசல் படத்தின்மேலேயே அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும். பிடித்து நகர்த்திப் பாருங்கள், அடியில் போட்டோ தெரியும். போட்டோவை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது குழப்பம், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நகராது. ஏற்காட்டுக் காபிப் பொட்டலம் ஒன்றுக்கு லேபிள் செய்தபோது, மலைப்பாதை வளைந்து ஏறுகிற மாதிரி ஒரு சின்னத்தைத் தந்தார்கள், போனில் எடுத்த படம். டிரேஸ் செய்து கீழ் வரியைப் பார்த்தால் நோடு எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் பாதையில் உண்மையாகவே இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவை வரைய மூன்று நோடு தாராளம். மீதியெல்லாம் போட்டோவின் புள்ளியும் அழுக்கும். கன்ட்ரோல் + எல் அழுத்தினால் நோடு குறையும், ஆனால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் அழுத்தினால் வடிவமே கொழகொழவென்று ஆகிவிடும். கடைசியில் படத்தை ஒரு லேயரில் போட்டுப் பூட்டி, மேலே பென் கருவியால் நானே வரைந்தேன். கால் மணி நேரம். எளிமையான லோகோவுக்கு இதுதான் வேகமான வழி. டிரேஸ் பட்டனைப் பார்த்ததும் மயங்காதீர்கள்.

வாடிக்கையாளரிடம் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

ஃபைலுக்குள் போட்டோ வைக்கும்போது 'எம்பெட்' செய்வதா 'லிங்க்' செய்வதா என்று கேட்கும். எம்பெட் என்றால் படமும் ஃபைலுக்குள்ளேயே வந்துவிடும். லிங்க் என்றால் படம் ஃபைலுக்குள் வராது, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் வரும். பென் டிரைவைக் கழற்றினால் படத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட கட்டம்தான் மிஞ்சும். ஆரம்பத்தில் எம்பெட் போதும்.

வெளியே எடுக்கும்போது

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ. முழுத் தாளா, தேர்ந்தெடுத்தது மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். படம் தாளுக்கு வெளியே இருந்து 'பேஜ்' என்று கொடுத்தால் வெள்ளைத் தாள்தான் வரும்.

மங்கலாக வருகிறதென்றால் டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை, பாருங்கள். சும்மா விட்டால் 96 என்று இருக்கும், அது திரைக்கு. அச்சுக்கு 300. மூன்றரைக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டு 300இல் 1050க்கு 600 பிக்சல் வரும். அதே 300ஐ ஃபிளெக்ஸுக்குப் போட்டு லேப்டாப்பைத் திணறடிக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72 போதும்: பத்தடிக்கு நாலடி என்றால் 8640க்கு 3456 பிக்சல். முடிந்தவரை பிடிஎஃப் ஆகவே கொடுங்கள், அப்போது இந்தக் கணக்கே வேண்டாம். 'பிளர்' போட்டு மங்கலாக்கிய நிழல் மட்டும் பிடிஎஃபிலும் புள்ளிப் படமாகத்தான் மாறும்.

திரையில் பளீரென்று இருந்த கிளிப்பச்சை அச்சில் சாணிப்பச்சையாக வருவது உங்கள் தப்பும் இல்லை, இங்க்ஸ்கேப்பின் கோளாறும் இல்லை. திரை ஒளியில் காட்டுகிறது, அச்சு நான்கு மையில் அடிக்கிறது. சில பளீர் நிறங்கள் மையில் கிடையாது. முக்கியமான வேலை என்றால் பிரஸ்ஸில் ஒரு சாம்பிள் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பிரஸ்ஸில் 'கோரல் ஃபைல் கொடுங்க' என்பார்கள், கோரல் டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளின் ஃபைல். இங்க்ஸ்கேப்பால் அந்த ஃபைலை எழுத முடியாது. எழுத்தைப் பாத்தாக்கிய பிடிஎஃபைக் கொடுத்தால் கோரலிலேயே திறந்துகொள்வார்கள்.

உறைந்து போனால்

உடனே கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், ஒரு டீ குடிக்கிற நேரம் விடுங்கள். பிளரும் ஏகப்பட்ட நோடும் சேர்ந்தால் யோசிக்க நேரம் எடுக்கும். தானாக மூடிக்கொண்டால், மூடும்போது ஒரு பெட்டி வரும், சேமிக்காத வேலையின் நகலை எங்கே வைத்திருக்கிறேன் என்று அதில் முகவரி இருக்கும். எல்லோரும் அதைப் படிக்காமல் ஓகே அழுத்திவிடுகிறார்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் ஓகே அழுத்துங்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், ஆட்டோசேவ் ஓடுகிறதா என்று பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடுங்கள்.

பட்டன்களெல்லாம் இடம் மாறி, கருவிகள் ஏறுக்குமாறாக நடந்துகொண்டால், அதே பிரிஃபரன்சஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'ரீசெட்' இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் பழைய அமைப்புகள் தனி இடத்தில் அப்படியே இருக்கும். அந்தப் பாப்பாவின் லேப்டாப்பில் இதுவாகவே இருந்திருந்தாலும் மறுபடி நிறுவியது உதவியிருக்காது.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லையென்றால் யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது திரையைச் சாய்வாகப் போட்டோ எடுத்து 'அண்ணா வரல' என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஃபைலையே அனுப்புங்கள், பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள், பிரச்சினையான பொருளைத் தேர்ந்தெடுத்து அந்தக் கீழ் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே அடித்து அனுப்புங்கள்.